மூச்சுக்கு முன் ஊற்றிய தண்ணீர்

மூச்சுவிடாமல் பிறந்த ஒரு குழந்தையின் வாயைத் துடைக்காமல் நான் தண்ணீர் தேடிப் போனேன். இதுதான் என் குற்றம். ஒன்பது ஆண்டுகளாக ஒருவரிடமும் இதை முழுமையாகச் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

நான் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருத்துவச்சி. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பதுளையில் வேலை பழகி, சுதந்திரம் கிடைத்த கையோடு இந்த மலைக்கு ஏறி வந்தேன்.

எதிலும் சர்வேசுரனே முதல் என்பது என் வீட்டுச் சட்டம். கண் விழித்ததும் சிலுவை அடையாளம்; அதன் பிறகே கால் தரையில் படும். செபம் முடியாமல் அடுப்பு மூட்டமாட்டேன். ஞாயிறு பூசைக்குப் போக மூன்று மைல் நடந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். அந்நாளில் நற்கருணை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. இதில் எனக்குப் பெருமை இருந்ததா? இருந்தது! என்னைவிடப் பக்தியானவள் இந்த மலையில் இல்லை என்ற நினைப்பு தலைக்கேறி உட்கார்ந்திருந்தது.

அன்று காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு ஆட்களெல்லாம் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மேலே இருந்த லயத்தில் செல்லம்மாவுக்கு வலி கண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள். துணைக்கு, சுவருக்கு அந்தப்பக்க அறையான அடுத்த காம்பராக் காளியம்மா வேலைக்குப் போகாமல் நின்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது...

என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! வாயிலும் மூக்கிலும் உள்ளதை வழித்தெடு, முதுகைத் தேய், மூச்சு வரட்டும் என்று எத்தனை முறை படித்திருப்பேன்! ஆனால் சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டது அதற்கு முன்னே வந்து நின்றது. சாகப்போகும் குழந்தைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் அது மோட்சம் காணாது. சர்வேசுரன்தானே முதல்?

கொடியை அறுத்ததும் குழந்தையைத் துணியில் கிடத்திவிட்டு எழுந்தேன். கேத்தலில் இருந்ததோ கொதிநீர். பச்சைத் தண்ணீர்க் குடம் மூலையில் இருந்தது. அள்ள ஒரு பாத்திரம் அகப்படவில்லை...

“என்னம்மா தேடுறீங்க? புள்ள மூச்சு விடலியே!” என்று காளியம்மா கத்தினாள்.

“பொறு காளியம்மா, பொறு!”

உள்ளங்கையில் அள்ளிவந்து நெற்றியில் ஊற்றினேன். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து... முருகனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளை அது. தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மரியாள் என்று நானே பெயரும் வைத்தேன்.

கடைசிச் சொல் என் வாயில் இருக்கும்போதே காளியம்மா பிள்ளையைப் பறித்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றி வாய்க்குள் விட்டு வழித்தாள். தலைகீழாகப் பிடித்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

குழந்தை வீரிட்டது!

அந்த அழுகைக்காக இன்றுவரை நன்றி சொல்கிறேன். காலையில் கண் விழித்ததும் முதல் நன்றி அதற்குத்தான். சர்வேசுரன் நான் நீர் அள்ளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை; கொழுந்துக் கறை படிந்த ஒரு விரலைக்கொண்டு வேலையை முடித்துக்கொண்டார். அவரைத் தேடி நான் குடத்தடிக்கு ஓடினேன்... அவரோ துணியில் மூச்சில்லாமல் கிடந்தார்!

அடுத்த பாவசங்கீர்த்தனத்தில், சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லும்போது, ஞானஸ்நானம் கொடுத்ததை மட்டும் சொன்னேன். “நல்ல காரியம் செய்தாய், மகளே” என்றார் சுவாமியார். மூச்சைப் பிந்தவிட்டதைச் சொல்ல வாய் திறந்தேன்... மூடிக்கொண்டேன். பாராட்டு இனித்தது, வேறென்ன!

வீட்டார் ராசாத்தி என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளை இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வாய் ஓயாது, சிரித்தால் லயம் முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் செல்லம்மா அவளை அழைத்துவந்து, “ஒனக்கு உசிரு குடுத்தவங்கடி, கும்பிட்டுக்க” என்பாள். கண் குளிரப் பார்ப்பேன், தலையில் கைவைத்து வாழ்த்துவேன். காளியம்மாவின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். எப்பேர்ப்பட்ட திருட்டு இது!

போன கிழமை தாங்கமுடியாமல் காளியம்மாவின் காம்பராவுக்கே போனேன்.

“அண்டைக்குப் பிள்ளையைக் காப்பாத்தினது நீதான், காளியம்மா. நான் பிழை விட்டிட்டன். உனக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நானாம்மா? நல்லாருக்கே கத! நீங்க மந்திரஞ் சொல்லித் தண்ணி ஊத்துனீங்க, புள்ள கத்துச்சு. நான் சும்மா கையில ஏந்துனேன், அம்புட்டுத்தான்.”

எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை. அடக்கம் என்று நினைக்கிறீர்களா? இல்லை, ஒன்பது வருடமாக அப்படித்தான் நம்பியிருக்கிறாள்! நம்பவைத்தது என் மௌனம்.

பிறகு, சுவரோரம் நிறைமாதமாய் உட்கார்ந்திருந்த தன் மகளைக் காட்டினாள்.

“இவளுக்கும் நாள் நெருங்கிருச்சும்மா. புள்ள விழுந்ததும் ஒங்க தண்ணியத்தான் மொதல்ல ஊத்தணும், அப்புறந்தான் மத்ததெல்லாம். ஊத்துவீங்களாம்மா?”

மறுத்திருக்கலாம். வாயைத் துடைப்பதுதான் முதல் என்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்...

“சரி” என்றேன். அவள் என்னைக் கும்பிட்டாள்.