கொற்கையைப் பற்றிப் பேசிய மாலை

ஐரோலி அலுவலகத்திலிருந்து திரும்பும் லோக்கல் ரயிலில், கூட்டத்துக்கு நடுவே கைபேசியில் ஒரு கட்டுரை படித்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. பாண்டியரின் பழைய தலைநகரான கொற்கை, என் அம்மா பிறந்த ஊருக்குப் பக்கம். அதைப் பற்றி நானே பேசினால் என்ன?

மாட்டுங்காவில் ஒரு தமிழ் மன்றம் மேடை தந்தது. தாராவியிலிருந்து அம்மாவை வற்புறுத்தி அழைத்துப் போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

கொற்கை முத்தைப் பாடிய புலவர்கள், கடலில் மூழ்கி அதை எடுத்தவர்களையும் பாடினார்கள் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மன்றத்து மாமி ஒருவர் அம்மாவின் தோளைத் தட்டினார்.

"ஏம்மா, இங்க உக்காந்துண்டு என்ன பண்றே? காபி டம்ளரையெல்லாம் எடுத்துண்டு போ."

அம்மா மறுபேச்சில்லாமல் எழுந்து, மாமி நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டாள்.

"மாமி, அவங்க என் அம்மா!" மைக்கிலேயே கத்திவிட்டேன். அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் இன்றும் கசக்கிறது.

பேச்சைப் பாதியில் விட்டு வெளியே வந்ததும் அம்மா வெடித்தாள். "ஏட்டி, டம்ளர வச்சிட்டு நான் பாட்டுக்கு வந்து உக்காந்திருப்பேன். நீ மைக்குல சொல்லி மொத்த சனத்தையும் என்னைய பாக்க வச்சிட்டியே! எனக்காகவா கத்துன, ஒன் மானத்துக்காகவா?"

அம்மாவோடு நடந்துகொண்டே யோசித்தேன். முத்தெடுத்தவர்களைப் பாடிய புலவர்கள், பாடலாமா என்று அவர்களிடம் கேட்டிருப்பார்களா?

அடுத்து எங்கள் தாராவிச் சந்திலேயே பேசப் போகிறேன். அதற்கு முன், பாதியில் நின்ற கொற்கையை அம்மாவுக்கு மட்டும் சொல்ல வேண்டும். சொல்லட்டுமா என்று இந்த முறை முதலில் கேட்கப் போகிறேன்.