சமையலறைக் கூரையிலிருந்து எடுத்த ஓடுகள்

ஓட்டுக்காரர் விழுந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. யார் வீட்டு முகட்டிலோ கடைசி ஓட்டை வைத்துவிட்டு இறங்கும்போது கால் வழுக்கியது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கட்டிலே கதி.

அவர் மனைவி தையற்கடைக்குக் காஜா கட்டிக் கொடுப்பாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, சட்டை சட்டையாகப் பட்டன் துளைகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். தெருவில் அவளுக்குக் காஜாக்கா என்று பெயர். ஒடிசலான உடம்பு. "காத்தடிக்கிற நாள்ல மடியில கல்லைக் கட்டிக்கிட்டு வெளிய போ" என்று கல்யாணமான புதிதில் அவர் கேலி செய்வார். பிள்ளை குட்டி இல்லை. ஒருவருக்கு ஒருவர்தான்.

வீடு இரண்டே அறை. கட்டில் கிடந்த பெரிய அறை, பின்னால் ஒட்டினாற்போல மண்சுவர் வைத்த சமையலறை. இரண்டுக்கும் ஓட்டுக் கூரை, அவரே வேய்ந்தது. ஊரார் கூரையில் வருஷம் தவறாமல் ஏறிய மனுஷர் தன் கூரையை மட்டும் 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஓடுகளைத் தாங்கும் மெல்லிய குறுக்குச் சட்டங்களில் கரையான் ஏறியிருந்தது. மல்லாந்து கிடந்த நாளிலிருந்து அவர் கண்ணுக்கு நேரே அந்தச் சட்டங்கள்தான்.

மழை தொடங்கிய மூன்றாம் நாள் அடித்த காற்றில் பக்கத்து வீட்டு மரக்கிளை முறிந்து கூரைமேல் விழுந்தது. இருபத்திரண்டு ஓடுகள் நொறுங்கின. ஒரு துண்டு அவர் முழங்காலில் விழுந்து கிழித்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்து அவள்தான் அலறினாள்.

அக்கம்பக்கத்தார் வெளியே நின்று கயிறு வீசித் தார்ப்பாய் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. கட்டிலை மூலைக்கு இழுத்தாள். அங்கேயும் சாரல். சமையலறை வாசலுக்குள் கட்டில் நுழையாது. அவர் முதுகில் ஏற்கெனவே படுக்கைப் புண். "ஈரம் மட்டும் பட விட்டுடாதீங்க, சீழ் பிடிச்சா உயிருக்கே ஆபத்து" என்று புண்ணுக்கு மருந்து கட்ட வரும் நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான்கு நாளாகத் துணி காயவில்லை. விரிப்பை மாற்றும்போது புண்ணிலிருந்து நாற்றம் வந்தது. அவருக்குத் தெரியக்கூடாதே என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

எந்த ஓட்டுக்காரரைக் கேட்டாலும் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஐந்தாம் நாள் நெட்டையர் வந்தார். ஓட்டுக்காரரோடு இருபது வருஷம் ஜோடியாக வேலை பார்த்தவர். கடையிலிருந்து புது ஓடுகள் கொண்டுவந்து, ஏணி சாத்தி, ஒன்றை வைத்துப் பார்த்தார். ஓடு உட்காராமல் துருத்திக்கொண்டு நின்றது.

"அச்சை மாத்திட்டாங்க அண்ணே" என்று மேலிருந்தே சொன்னார். "இது ஒரு விரக்கடை அகலம் ஜாஸ்தி. பழைய ஓட்டுக் காடிப் பள்ளத்துல சேராது. சந்து வழியா தண்ணி ஊத்தும்."

"எல்லாத்தையும் புதுசாப் போட்டுடேன்" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

நெட்டையர் ஓரமாக ஒரு காலை ஊன்றினார். மடக்கென்று சட்டம் முறிந்தது. முகம் வெளுத்துக் கீழே இறங்கி வந்தார்.

"என் எடை ஏறினா மொத்தமும் உங்க மேல இறங்கிடும். மழை விடட்டும், மரத்தை மாத்திப் புதுசா போட்டுத் தரேன். தாயாணை, நானே வந்து போடறேன்."

நெட்டையர் போனதும் அவள் நனைந்த விரிப்பைப் பிழிந்து மறுபடி விரித்தாள்.

"உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு" என்றார் அவர். "இங்க அழுகறதுக்கு நான் ஒருத்தன் போதும்."

"வாயை மூடுங்க."

"நான் விழுந்தப்பவே செத்திருக்கணும். உன்னையும் சேத்துக் கொல்றேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பின் முன் குந்தினாள். அழுகைகூட வரவில்லை. எதற்கோ நிமிர்ந்தவள் அப்படியே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை ஓடு. பழைய ஓடு. பெரிய அறைக்கு வாங்கிய அதே வண்டியில் வந்த அதே அச்சு.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். தாழ்ந்த கூரை, கை எட்டியது. உள்ளிருந்தே ஓட்டைத் தூக்கி, சாய்த்து, இறக்கினாள். ஓடோடு ஓடு உரசிய சத்தம் பெரிய அறைக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாததா?

"ஏய், என்ன பண்றே? ஓட்டைக் கழட்டறியா?"

"ஆமா."

"அது மண்சுவர்டி! நனைஞ்சா நிக்காது."

"நிக்க வேணாம்."

கழற்றியதைப் பழைய புடவையில் நான்கு நான்காக முடிந்து, நெட்டையர் விட்டுப்போன ஏணியருகே அடுக்கினாள். பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழை தூறலாக இறங்கியிருந்தது. ஏணியில் அவள் காலடி கேட்டதும் அவர் கத்தத் தொடங்கினார். கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவேன் என்றார். ஓட்டை வழியாக அவள் முகம் எட்டிப் பார்த்தது.

"கத்தாதீங்க. எங்க கால் வைக்கணும்னு சொல்லுங்க."

கத்தலை நிறுத்திவிட்டு, வேறு வழியில்லாமல், அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"சட்டத்து மேல வைக்காத. கனமா சரிஞ்சு எறங்குது பாரு, அதுதான் கைமரம், உன் எடையை அது தாங்கும். அது மேலயே நட. கீழ் வரிசையிலேருந்து வை. ஓட்டுக்குப் பின்னாடி மூக்கு மாதிரி இருக்கா? அதைச் சட்டத்துல மாட்டு. மாட்டிட்டு இழுத்துப் பாரு."

பதினேழு ஓடு வைத்தாள். பதினெட்டாவதை எடுக்கத் திரும்பியபோது பாசி வழுக்கியது. பக்கத்து ஓடுகள் இரண்டு உடைந்து, வலது கால் தொடைவரை உள்ளே இறங்கியது.

கட்டிலுக்கு மேலே அவள் கால் தொங்குவதை அவர் பார்த்தார். ரத்தம் விரிப்பில் சொட்டியது. இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தார். பாதி உடம்பு எழுந்தது, மீதி வரவில்லை. தெருவைப் பார்த்துக் கூவினார். மழை மறுபடி வலுத்திருந்தது. யார் காதிலும் விழவில்லை.

மேலே அவள் ஒரு சட்டத்தைப் பற்றிக்கொண்டிருந்தாள். அது நெறிநெறி என்றது. கையை விட்டுவிடலாமா என்று தோன்றியது. விட்டால் நேரே அவர் மேல்தான். இரண்டு பேருக்கும் ஒரேயடியாக முடிந்துவிடும். அந்த நினைப்பு அவளுக்கு இதமாக இருந்தது. இதமாக இருக்கிறதே என்று பயந்துதான் பிடியை இறுக்கினாள்.

"அசையாத" என்றது கீழேயிருந்து குரல். வேலையிடத்தில் பேசும் குரல். "காலை இழுக்காத. முதல்ல மாரைச் சாய். கையை ரெண்டு பக்கமும் விரி. பல்லி மாதிரி ஒட்டிக்கோ. எடை பரவணும்."

"முடியலைங்க."

"முடியுமான்னு கேக்கல. சாய்."

சாய்ந்தாள். கன்னம் ஈர ஓட்டில் அழுந்தியது. அவர் ஒவ்வொரு அங்குலமாகச் சொல்லச் சொல்ல, அரை மணி போராடிக் காலை மீட்டாள். பிறகு இறங்கிவிடவில்லை. கிழிந்த தொடையைப் புடவைத் தலைப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மீதி ஐந்தையும் வைத்தாள். உடைந்த இரண்டுக்கு மாற்றாக இன்னும் இரண்டைக் கழற்றி வந்து வைத்தாள். அவள் இறங்கி உள்ளே வந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

அந்த மழைக்காலம் முழுக்கப் பெரிய அறை ஒழுகவில்லை. சமையலறைச் சுவர் எட்டாம் நாள் சரிந்தது. அடுப்பைக் கட்டில் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். சமையல், கழிப்பு, காஜா, புகை எல்லாம் அந்த ஒரே அறையில். மழை விட்டதும் நெட்டையர் சொன்னபடி வந்து மரத்தை மாற்றிக் கொடுத்தார். ஆனால் புண் முன்பே உள்ளுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வெயில் காலத்தில், காய்ந்த விரிப்பின் மேல், ஒரு காலை வேளையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

காஜாக்கா இப்போதும் அதே அறையில்தான் இருக்கிறாள். வலது காலைச் சற்று இழுத்து நடப்பாள். 'வந்து என்னோடயே இரு' என்று அக்கா எத்தனையோ தடவை ஆள் அனுப்பிவிட்டாள். இன்றைக்கு முடிக்கவேண்டிய சட்டைகள் இருக்கின்றன என்று சொல்லி அனுப்புகிறாள்.