குத்தாலத்துக்குப் பத்துப் பேர்

தஞ்சாவூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் குடியிருந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போது ஆள்காட்டி விரலால் காற்றில் எண்களை எழுதுவார். தப்பாகிவிட்டால் உள்ளங்கையால் அழிப்பார்.

எனக்குப் பெண் பார்க்கக் குத்தாலம் கிளம்பிய அன்று அப்பாவுக்குக் காய்ச்சல். மிஞ்சியது அம்மா, நான், துணைக்கு வந்த வாத்தியார். அம்மா காரில் ஏற மறுத்துவிட்டாள்.

"மூணு பேரா போனா காரியம் விளங்காதுங்க சார்."

வாத்தியார் விரலைத் தூக்கினார். "பத்து சேர்ந்தா நாம ஒண்ணு, சைபர்னு போடுறோம் இல்லையா? மூணு மூணா எண்ணுறவங்க மூணு சேர்ந்ததுமே ஒண்ணு, சைபர் போட்டுடுவாங்க. அவங்க கணக்குல மூணுங்கற இலக்கமே கிடையாதும்மா."

"அப்ப நாம பத்துப் பேரா?"

"எழுதினா அப்படித்தாங்க இருக்கும்."

அம்மா ஏறிக்கொண்டாள். பாபநாசம் தாண்டும்போது, எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. மூன்று என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. பத்து என்றாள்.

அங்கே பத்து நாற்காலி, பத்துத் தட்டுக் கேசரி. பெண்ணின் அப்பா வாசலில் நின்று அடுத்த வண்டியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் அவருக்கும் காற்றில் எழுதிக் காட்டினார். அவர் விரலைப் பார்த்தார், பிறகு கேசரியைப் பார்த்தார். உள்ளே யாரோ சிரித்தார்கள். சிரித்தவளைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, நம்பியே சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. மகளோடு நாங்கள் மூவரும் எங்கே கிளம்பினாலும் அம்மா வாசலுக்கு வந்து, "பத்துப் பேரும் பத்திரமா போயிட்டு வாங்க" என்கிறாள்.