இடிக்கு நடுவே ஒரு கேபிள்

போன வாரம் உடும்பஞ்சோலையில் நான் பயந்த பயம்... அப்பப்பா! ரோட்டில் யானை நின்றபோதுகூட இப்படி நடுங்கியதில்லை.

என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஜெபராஜ் சாருக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. சர்ச் கொயரை நடத்திய மனுஷன் இப்போது செல்போனில் டைப் பண்ணிக் காட்டுகிறார். அவர் பாடியதெல்லாம் வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான். எங்கள் ஸ்கூல் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருள்தானே? அதையே வீட்டிலும் போட்டவர், பிறகு அதைப் புதுப்பிக்கவே இல்லை.

அது நின்றுபோவதற்குள் எடுத்துக் கொடு தம்பி என்று அவர் மனைவி அமலாக்கா கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தால் — பென் டிரைவ் சொருகும் இடம் ஒன்றும் வேலை செய்யவில்லை. ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது. ஒருமுறை அணைத்தால் மறுபடி எழும்புமா? சந்தேகம்தான். ஒரே வழி, என் லேப்டாப்புக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்து காப்பி பண்ணுவது. என் லேப்டாப்போ, இவ்வளவு பழைய பாதுகாப்பு முறையை நம்ப மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டது! பழசானாலும் பரவாயில்லை, ஒத்துக்கொள் என்று கட்டளையில் ஒரு வரி சேர்த்த பிறகே ஃபைல்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அப்போதுதான் மலைக்குப் பின்னால் உறுமல். ஐப்பசி இடி.

எங்கள் பக்கத்து இடி உங்களுக்குத் தெரியாதா? முதல் உறுமலிலேயே டிவி, ஃபிரிட்ஜ், மோடம் — எல்லா ப்ளக்கையும் உருவிவிடுவோம். விட்டுவைத்தால் கருகிவிடும். இங்கே கேபிள் வழியாக என் லேப்டாப்பும் சேர்ந்து போகும். ஆமாம், அந்தப் பயமும் இருந்தது, மறைப்பானேன்?

"உருவிரவாக்கா?"

"வேணாம் தம்பி. பாட்டெல்லாம் ஏறட்டும்."

காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல அந்த இரும்புப் பெட்டிமேல் கையை வைத்திருந்தார் அக்கா. எடுக்கச் சொல்லி சார் சைகை காட்டினார். எடுக்கவில்லை. அடுத்த இடி பக்கத்து ஏலத்தோட்டத்திலேயே விழுந்த மாதிரி... ஜன்னல் அதிர்ந்தது.

சார் எழுந்து ப்ளக்கை உருவிவிட்டார்.

டிக் டிக் நின்றது. உங்க பாட்டெல்லாம் போச்சே என்று அக்கா அழுதே விட்டார். அவரோ அக்காவின் கையைப் பிடித்து, ஏதாவது ஆகியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் போட்டுப் பார்த்தோம். எழும்பவில்லை. என் லேப்டாப்புக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஸ்கூல் கேள்வித்தாள்கள்! சாரின் குரல் ஒரே ஒரு ஃபைலில் — பாட்டுகூட இல்லை, கொயர் பிராக்டிஸ். ஓடவிட்டேன். பாட்டு பாதியில் நின்று சாரின் குரல் வந்தது: "ஏ அமலா, சுருதி எங்க போவுது? கவனம் பாட்டுல இருக்கா, அடுப்புல இருக்கா?"

அக்கா மறுபடி போடச் சொன்னார். மறுபடியும்.

"பாட்டை யாரு வேணாலும் பாடிருவாங்க தம்பி. என் பேரை இப்பிடிக் கூப்பிட இவருதான் வேணும்."

பிறகு அந்தப் பாட்டை மெல்ல முணுமுணுத்தார். சார் செல்போனில் எதையோ டைப் பண்ணி நீட்டினார்.

'இப்பவும் சுருதி சேரல.'