கிருமிக்கு எதற்கு நடத்தைச் சான்றிதழ்

என் தங்கையின் மாமியார் என்னை இன்றுவரை ‘டீச்சரம்மா’ என்றே அழைக்கிறார். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே அழைப்பவரைத் திருத்துவது என் தகுதிக்குப் பொருந்தாது என்பதால் விட்டுவிட்டேன். ஆனால் போன ஆடி மாதம் அவர் வீட்டுக் கூடத்தில் நடந்ததை அப்படி விட்டுவிட முடியாது. என் குடும்பத்தின் பெயர் அங்கே இழுக்கப்பட்டது. திருத்தணியில் அது எத்தனை வாய்களில் அரைபட்டது என்பதையும் அறிவேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தங்கை விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், நாற்பதைக் கடந்தவள். பெண்களுக்கான பரிசோதனைக்கு என் வற்புறுத்தலால்தான் வந்தாள். கருப்பை வாயில் பாப்பிலோமா வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. அரக்கோணத்தில் ஒரு பெண் மருத்துவர் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்துவிட்டு, திசு புற்றுக்கு முந்தைய நிலைக்கு மாறியிருக்கிறது என்றார். அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் பார்த்தால்தான் உள்ளே புற்று தொடங்கிவிட்டதா இல்லையா என்பது தெரியும் என்றும் சொன்னார்.

அவர் விளக்கியது கடினமானதே அன்று. இக்கிருமி உடலுறவால் தொற்றுவது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்து போயிருக்கும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உடலே ஓரிரு ஆண்டுகளில் அதைத் துரத்திவிடும். சிலரிடம் மட்டும் கொடிய வகை ஒன்று போகாமல் தங்கிவிடுகிறது. அது கருப்பை வாயின் செல்களுக்குள் இருந்துகொண்டு, கட்டின்றிப் பெருகவிடாமல் அவற்றைத் தடுக்கும் காவல் புரதங்களை முடக்குகிறது. காவல் இழந்த செல்கள் பிழையோடு பெருகுகின்றன. வலியில்லை, அடையாளமில்லை. பல ஆண்டுகள் கழித்து அது புற்றாகிறது. எப்போது தொற்றியது, யாரிடமிருந்து தொற்றியது என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது.

தள்ளிப் போடலாமா என்று நான் கேட்டபோது, “ஒரு மாசத்துல பெருசா ஒண்ணும் ஆயிடாதுங்க. ஆனா தள்ளிப் போடறவங்க ஒரு மாசத்தோட நிறுத்தறதில்ல” என்றார்.

இத்தனையையும் தங்கையின் வீட்டுக் கூடத்தில் நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் கணவர் ஆடிக் கிருத்திகைக் காவடிக்காக மாலை போட்டு, மஞ்சள் வேட்டியில், பார்ப்பவர் கைகூப்பும்படி அமர்ந்திருந்தார். மாமியார் காதில் நான் சொன்னவற்றுள் ஒரே ஒரு சொல்தான் விழுந்திருந்தது.

“அது எந்த வழியா வருதுன்னு எனக்கும் சொன்னாங்க, டீச்சரம்மா. எங்க வீட்டுப் பொம்பளைங்க யாருக்கும் வந்ததில்ல.”

“பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்?”

“அதெல்லாம் எதுக்கு? என் புள்ள மாலை போட்டுகினு கீறான். இப்ப போயி ரத்தம், தீட்டுன்னு வீட்டுக்குள்ள வரக் கூடாது. கிருத்திகை முடியட்டும். அதுக்குள்ள இவ மலையப் பாத்து ஒரு கற்பூரம் அடிச்சிட்டா ஊரு வாயும் மூடிக்கும். அப்பறம் நாங்களே கூட்டினு போறோம்.”

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்தணைத்துச் சத்தியம் செய்வது இங்கே வழக்கம். காணாமற்போன கோழிக்கும் செய்வார்கள், வரப்புத் தகராறுக்கும் செய்வார்கள். செல்லுக்குள் இருக்கும் வைரஸுக்கு அதைச் செய்யச் சொன்ன அறிவாளியை நான் அன்றுதான் கண்டேன்.

நான் வாய் திறக்குமுன் தங்கை உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். அதில் இரண்டு கட்டிக் கற்பூரம் இருந்தது.

“ஒண்ணு எனக்கு, அத்தை. இன்னொண்ணு உங்க புள்ளைக்கு. அவரே மொதல்ல அடிக்கட்டும்.”

நூல் வாங்கவென்று நகரிக்கும் புத்தூருக்கும் போய், வாரத்தில் பாதி அங்கேயே தங்கிவரும் மாப்பிள்ளை தம் மாலையை நெருடினார்.

“மாலையில இருக்கறப்ப சத்தியம் கித்தியம் பண்ணக் கூடாது. குருசாமி சொல்லிகிறாரு.”

“பொய் பேசக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. சத்தியத்துக்கு இன்னா?”

அவர் பூசைக்கு நேரமாயிற்று என்று குளிக்கப் போனார்.

கிருமி அவரிடமிருந்துதான் வந்தது என்று அங்கேயே அறிவித்திருந்தால் எனக்கு மிகுந்த திருப்தி கிடைத்திருக்கும். ஆனால் எவராலும் நிரூபிக்க முடியாததை நிச்சயம்போலச் சொல்வது அந்தக் கூடத்தாரின் பழக்கம். படித்தவர்களின் பழக்கம் அன்று.

கற்பூரம் ஏற்றப்படவேயில்லை. தங்கை பையை எடுத்துக்கொண்டாள்.

“இப்ப போனா, கிருத்திகை முடியற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது” என்றார் மாமியார்.

“ஆங். அது வரைக்கும் தறியை யாரு பாப்பாங்கன்னு யோசிச்சி வையுங்க.”

அந்த வாரமே சிகிச்சை முடிந்து தங்கை என் வீட்டில் இருந்தாள். நலம் விசாரிப்பதுபோல் துப்பறிய வந்தவர்களிடம் நோயின் பெயரை முழுதாகச் சொன்னேன். கட்டி, கிட்டி என்று மழுப்பினால், செய்யாத குற்றத்தை நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும். பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் காப்பிக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

கிருத்திகை முடிந்த பிறகு திசுச் சோதனையின் முடிவு வந்தது. புற்று தொடங்கியிருக்கவில்லை, மாறிய பகுதி முழுவதும் நீங்கியிருந்தது. ஆனாலும் குறித்த காலங்களில் வந்து சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி எங்களோடு வந்திருந்த மாப்பிள்ளை, தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆம்பளைங்களுக்கும் இந்த டெஸ்டு கீதுங்களா, டாக்டரம்மா?” என்றார். ஆண்களுக்கு அப்படி வழக்கமான சோதனை எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

காவடி எடுத்தும் அவர் முகத்தில் காணாத அருள் அப்போது தெரிந்தது. தங்கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்து எந்த மாதம் வர வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.