நாலு நாள் உதவி

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு காலை, பூசைக்கு வெளிக்கிட முன்னர் நான் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்துவிடுவேன். எங்கள் ஆட்கள் சோமாஜ் என்று சொல்லுகிற, அரசாங்கம் தருகிற வேலையில்லாக் காலப் பணத்தை எடுக்கிற எல்லோரும் சொல்ல வேண்டிய பதில்கள்தான். தொலைபேசித் திரையில் ஒவ்வொன்றாக வரும். நாட்டை விட்டு வெளியே போனீர்களா? இல்லை. பள்ளிக்கூடம் அல்லது பயிற்சிக்குப் போனீர்களா? இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதல் தடவை சிரித்தேன். வேலை செய்யத் தயாராக இருந்தீர்களா? ஓம். வேலை செய்தீர்களா? இல்லை.

பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரின் ஓரத்தில், புவாண்ட்-கிளேரில், ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற இடம் ஒன்றில் பதினொரு வருடம் நின்றேன். தை மாதத்தில் எங்களில் பாதிப்பேரை நிற்பாட்டினார்கள். கடைசி நாள் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள், முன்பு எப்போதோ சோமாஜ் எடுத்த காலத்தில் இடையிலே சில நாள் வேறு வேலைக்குப் போனதை அறிவிக்காமல் விட்டவள். மூன்று வருடம் கழித்துத்தான், காசைத் திருப்பிக் கட்டச் சொல்லி சோமாஜ் அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்ததாம்.

"அவை மறக்க மாட்டினம். பாத்துக்கொண்டு இருப்பினம்" என்றாள்.

அவள் இறங்கிப் போய்விட்டாள். அந்த வசனம் என்னோடு வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு பதில்களை முதலில் கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் திரையில் தொடுவேன். என் மனிசன் துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் இழுக்கிற லொறி ஓட்டுபவர். "நீ என்ன, சோதனை எழுதுறியே?" என்று பகிடி பண்ணுவார்.

மாசி கடைசியில் அக்கா தொலைபேசி எடுத்தா. கூடப் பிறந்த அக்கா இல்லை. நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் பனிக்காலத்தில் தன் வீட்டில் ஓர் அறையைத் தந்து, ஐந்து மாதம் சோறும் போட்டவ. அவவும் மன்னார்தான், எங்கள் மாதா கோயில்தான். கல்யாணம், பிறந்தநாள், முதல் நன்மை என்று யார் வீட்டில் விசேஷம் வந்தாலும் ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரித்த பலகாரமெல்லாம் அவவின் பேஸ்மெண்டுக் குசினியிலிருந்துதான் போகும். அந்தக் குசினிக்கு அனுமதி, பத்திரம் ஒன்றும் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை.

"எண்ணெய் தெறிச்சு வலக்கை வெந்து போச்சடி. சனிக்கிழமை கல்யாண ஓடர். நாலு நாள் உதவிக்கு வாறியே?"

"வாறன் அக்கா. இதென்ன கேள்வி?"

புதனிலிருந்து சனி வரை போனேன். காலையில் இறங்கினால் பின்னேரம்தான் மேலே ஏறுவேன். ரொட்டியில் இறைச்சிக் கறியை வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்குத் தூளில் பிரட்டி, தட்டில் அடுக்க வேண்டும். அக்கா கதிரையில் இருந்துகொண்டு கட்டுப் போட்ட கையை உயர்த்திப் பிடித்தபடி அதிகாரம் பண்ணினா. "அது ரோல்ஸே, தலாணியே? இறுக்கிச் சுத்து!" உண்மையைச் சொன்னால், வேலை போன பிறகு நான் சந்தோசமாக இருந்த நாலு நாள் அவைதான்.

சனி பின்னேரம் வீட்டுக்கு வந்து, அவ கட்டித் தந்த பார்சலைப் பையிலிருந்து எடுத்தபோது, அடியில் ஒரு கவர் கிடந்தது. பொன் நிறத்தில் குத்துவிளக்கும் 'மணமக்கள் வாழ்க' என்ற எழுத்தும் போட்ட கல்யாணக் கவர். உள்ளே காசு. அக்கா கையில் தந்தால் நான் வாங்க மாட்டேன் என்று அவவுக்குத் தெரியும். எங்களுக்குள் இதுதான் வழக்கம். உதவிக்குக் கூப்பிடுவோம், கூலி என்று சொல்ல மாட்டோம். போகும்போது தெரியாமல் பைக்குள் வைத்துவிடுவோம்.

அடுத்த நாள் ஞாயிறு. பதில் சொல்லுகிற நாள். வேலை செய்தீர்களா? என் விரல் தன் பாட்டுக்கு 'இல்லை' என்பதைத் தொட்டது. பொய் சொல்லுகிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. நான் வேலைக்குப் போகவில்லை, அக்காவுக்கு உதவிக்குப் போனேன். எல்லாக் கேள்வியும் முடிந்து அனுப்பிய பிறகுதான், ஏதோ உறுத்த, அந்தக் கேள்வியைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி எப்போதும் இருக்கும். நான் அதை ஒருநாளும் வாசித்ததில்லை. தேடி எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். சம்பளம் பிறகு கிடைக்கப்போகிற வேலையும் இதில் அடங்கும். சம்பளம் இல்லாத வேலையும் அடங்கும்.

பூசையில் என்ன வாசகம் வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

"கல்யாணக் கவரில தந்தது அன்பளிப்பு. அதுக்கு ஆர் கேட்கப் போகினம்?" என்றார் மனிசன்.

"கேட்டால்?"

"கேட்டால் பேந்து பாப்பம்."

பேந்து என்றால் பிறகு; அவருக்கு அது எப்போதோ ஒருநாள். எனக்குப் பேந்து என்றால் கதவுக்கு வெளியே நிற்கிற ஆள். ஒன்பது நாள் அப்படித்தான் போனது. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் குசினியில் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் வெள்ளைக் கார் ஒன்று இரண்டு நாள் நின்றது. அதற்குள் இருந்தவர் கோப்பி குடித்துக்கொண்டு எங்கள் யன்னல் பக்கம் பார்ப்பது போலிருந்தது. மேல் வீட்டுக் குளியலறை திருத்த வந்தவர் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் திரைச்சீலையைத் திறக்கவில்லை. கவரை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். முழங்காலில் நிற்கும்போதெல்லாம் மாதாவின் தோளுக்கு மேலால் அந்தக் குத்துவிளக்கு எட்டிப் பார்த்தது.

பத்தாம் நாள் நானே அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நெடுநேரம் இசை போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தா, மெல்லிய குரல். எனக்குத் தெரிந்த பாதி ஆங்கிலத்திலும் பாதிப் பிரெஞ்சிலும் நடந்ததைச் சொன்னேன். எத்தனை மணித்தியாலம் என்று கேட்டா, சொன்னேன். எவ்வளவு தந்தார்கள் என்று கேட்டா, கவரைப் பிரித்துப் பார்த்துச் சொன்னேன்.

"வேலை தந்தவரின் பெயர், மடாம்?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவேயில்லை. ஒன்பது நாளும் நான் பயந்தது எனக்காக மட்டும்தான். வாய் அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டது. தொலைபேசி இலக்கம் கேட்டா. இந்த நாட்டில் நான் முதலில் பாடமாக்கிய இலக்கம் அது. அதையும் சொன்னேன்.

"நீங்களாகவே சொன்னது நல்லது. தேவைப்பட்டால் அவரோடும் தொடர்புகொள்வோம்" என்றா அந்தப் பெண். மெர்சி என்று சொல்லி வைத்தேன். கவர் என் மடியில் கிடந்தது.

உடனேயே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லுவேன், நாளைக்குச் சொல்லுவேன் என்று மூன்று கிழமை போக்கினேன். ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் பக்கக் கதவால் வெளியேறினேன். பிறகு ஒரு செவ்வாய், அக்காவே எடுத்தா.

"எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கடி. அரசாங்கத்துக் கவர். பிரெஞ்சில கிடக்கு. நீதானே கொஞ்சம் வாசிப்பாய், ஒருக்கா வந்து பார்."

வேறு யாரிடமும் கொடுக்காமல் என்னை நம்பி வைத்திருந்தா. பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். சித்திரை பிறக்கப்போகிறது, தெருவோரப் பனி இன்னும் கறுத்துப்போய்க் கிடந்தது.

அக்கா பேஸ்மெண்டில்தான் இருந்தா. மேசையில் கடிதத்தை ரஸ்குத் தூள் படாமல் ஒரு தட்டுக்குக் கீழே வைத்திருந்தா. எடுத்துப் பிரித்தேன். இரண்டாவது வரியில் என் பெயர்.

"என்ன எழுதியிருக்கு?"

"அக்கா, நான் ஒண்டு சொல்லோணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த பிறகுதான் கேட்டா.

"என்னை உனக்கு முதலாளி எண்டு சொன்னனியே?"

"பெயர் கேட்டவை அக்கா."

"எங்கட அக்கா எண்டு சொல்லியிருக்கலாமே."

"அவையின்ர தாளில அதுக்கு இடம் இல்லை."

அவவின் வாய் சிரிப்பது போல ஒருதரம் கோணியது, அவ்வளவுதான். "அஞ்சு மாசம் சோறு போட்டதுக்கு நீ எனக்கு என்ன முறையெண்டும் ஒருக்காக் கேட்டுச் சொல்லன்" என்றா. நான் கடிதத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

கடிதத்தோடு நிரப்புவதற்கு ஒரு தாளும் இருந்தது. வேலை செய்த நாள்கள், மணித்தியாலங்கள், கொடுத்த தொகை, கையெழுத்து. அதை நான்தான் நிரப்ப வேண்டும், வேறு ஆளில்லை. பேனையை எடுத்துவிட்டு அவவின் முகத்தைப் பார்த்தேன்.

"அன்பளிப்பு எண்டு எழுதட்டே அக்கா? நீங்கள் சொன்னா எழுதுவன்."

"நீ வாயால ஒண்டைச் சொல்லிப்போட்டாய். இனி என்ர கையால வேறொண்டு எழுதிக் குடுத்தா ரெண்டு பேரும் பொய்காரியள். நடந்ததை எழுது."

எழுதினேன். நாலு நாள். தாளை அவ பக்கம் திருப்பினேன். கட்டு அவிழ்த்திருந்தா. வெந்த இடத்தில் புதுத் தோல் ரோசா நிறத்தில் மினுங்கியது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை, பேனையைக் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பிடித்துத்தான் கையெழுத்து வைத்தா. பிறகு கேட்டா:

"இந்தக் குசினியைப் பாக்க வருவினமோ?"

"தெரியாது அக்கா."

இரண்டு பேரும் சுற்றிப் பார்த்தோம். இரண்டு பெரிய பொரிக்கிற சட்டி, தகர மேசை, சுவரோடு நிற்கிற ஆழ்குளிர்ப் பெட்டி, சீலிங்கில் எண்ணெய்ப் புகை படிந்த மஞ்சள் வட்டம். நாலு நாள் அதற்குள் நின்றபோது அந்த வட்டத்தை நான் கவனிக்கவில்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

கடிதத்தை நானே தபாலில் போட்டேன். பெட்டியின் வாய் மூடிய பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை.

வைகாசியில் என் கதை முடிந்தது. அந்தக் கிழமையில் எடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள், நீங்களாகவே அறிவித்ததால் தண்டம் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம். மனிசன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பாத்தியே, ஒண்டுமில்லை" என்றார். அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை. வராதது நல்லதுக்கா என்று யாரிடம் கேட்பது? பஸ்ஸில் இருந்தவளுக்கு மூன்று வருடம் எடுத்தது.

போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி. அக்காவின் தட்டுகளை வேறொருத்தி தூக்கிக்கொண்டு வந்தாள். என்னை அவ உதவிக்குக் கூப்பிட்டு மூன்று மாதத்துக்கு மேலாகிறது. நான் சுவரோரம் நின்றேன். அக்கா நேரே வந்து என் தட்டில் இரண்டு ரோல்ஸ் வைத்தா.

"சாப்பிடு. இதையும் எழுதிக் குடுப்பியோ?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. நான் ஒன்றைக் கடிக்கும் வரை நின்றுவிட்டுத்தான் போனா. எல்லோரும் கலைந்த பிறகு நான் மேசைகளைத் துடைத்து, தட்டுகளைக் கழுவி, அவவின் காரின் பின்னால் கொண்டுபோய் அடுக்கினேன். அவ வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் காலை பூசைக்குப் பிந்திவிட்டதால் பதில்களை வீட்டுக்கு வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து தொலைபேசியைத் திறந்தேன். நாட்டை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்தது வந்தது. சின்ன எழுத்தில் அந்த வரி. சம்பளம் இல்லாத வேலையும் அடங்கும். என் விரல்களில் இன்னும் சவர்க்கார மணம் இருந்தது. திரை மங்கி அணையப் பார்த்தது. தொட்டு வெளிச்சமாக்கினேன். அது திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டது.