பெரிய புள்ளி எழுதிய பஸ்

ஊராட்சி எழுத்தருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'பெரிய புள்ளி'. தன் அந்தஸ்தைப் பார்த்து வைத்தது என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். உண்மையில், வருஷா வருஷம் புள்ளிவிவரப் படிவத்தை நிரப்புவதைத் தவிர அந்த மனுஷன் ஒரு துரும்பையும் அசைத்ததில்லை என்பதால் வைத்த பெயர் அது. அதையாவது ஒழுங்காகச் செய்தாரா? ஒரு வீட்டு வாசலை மிதித்தது கிடையாது. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போன வருஷ மக்கள்தொகையோடு பதினொன்றைக் கூட்டுவார். ஏன் பதினொன்று என்று கேட்டால், "ரவுண்டா பத்து போட்டா சந்தேகப்படுவாங்க" என்பார். அவர் கணக்கில் ஊரில் ஒருத்தரும் செத்ததே இல்லை.

ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் ஜல்லிப் பாதை. அதில் பஸ் எட்டிப் பார்த்ததே கிடையாது. எழுத்தரிடம் பைக் இருந்தது, அதனால் அவருக்கு உறைக்கவில்லை. அவர் வீட்டுப் பின்னறையில் இருந்த தங்கைக்கு உறைத்தது. புருஷன் கைகழுவிவிட்டுப் போனவள். டவுனில் ரெடிமேட் துணிக் கம்பெனியில் காலர் தைத்துப் பிழைக்கிறவள். எட்டு மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். இரண்டு முறை வெளியே நின்றாயிற்று. மூன்றாவது முறை நின்றால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அண்ணன் பைக்கில் கொண்டுபோய் விடக்கூடாதா? ஆறு மணிக்கு அந்தத் துரை எழுந்தால்தானே!

தங்கை வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். லீவு போட்டு, போக்குவரத்து அலுவலகத்தில் போய் நின்றாள். அதிகாரி ஃபைலைப் புரட்டிவிட்டு, "உங்க ஊருக்குத்தான் பஸ் இருக்கேம்மா. ஒன்பது வருஷமா ரெக்கார்டு சொல்லுது" என்றார். பேருந்து வசதி என்ற கட்டத்தில், வால் நீட்டிய எழுத்தில், 'உண்டு'. அந்த 'உ'வை அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

வீட்டுக்கு வந்து கத்தினாள். "எந்த பஸ்ஸு அண்ணே அது? யாரு கண்ணுக்குத் தெரிஞ்சுது?"

"மெயின் ரோட்ல போறது பஸ்ஸு இல்லாம கப்பலா?" என்றார் பெரிய புள்ளி. "படிவம் குடுக்கிற ஆபீசு நாலு ஊரு எழுத்தருங்க கூடுற இடம். அவன் அவன் உண்டு உண்டுன்னு எழுதறான். நான் மட்டும் இல்லைன்னு எழுதி மானத்தக் கெடுத்துக்கணுமா?"

"தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா, பஸ் இல்லாத ஊரு லிஸ்ட்ல சேர்த்துடறேன்னு அந்த அதிகாரி சொல்லியிருக்காரு. என் பொழப்பே அதுலதான் இருக்கு" என்று அழுதாள்.

அவரும் இளகிய மாதிரிதான் இருந்தது. ஒரு பகல் முழுக்கப் பேனாவைக் கடித்து, எழுதி, சீல் குத்தி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். 'தப்பு' என்று எழுத மட்டும் கை வரவில்லை. 'மக்கள்தொகை பெருகிவிட்டபடியால் இருக்கிற பேருந்து போதவில்லை, கூடுதலாக ஒன்று தேவை' என்று எழுதியிருந்தார். என்ன ஒரு சாமர்த்தியம்! பஸ் பக்கத்து ஊருக்குப் போனது. அங்கே ஒரு எழுத்தர் வெட்கப்படாமல் 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

அடுத்த மழையில் ஜல்லிப் பாதை சேறாகிப்போக, கேட் மூன்றாவது முறையும் சாத்தியிருந்தது. வேறு கம்பெனியில் இடம் கிடைத்ததும் தங்கை டவுனிலேயே ஓர் அறை பிடித்தாள். கிளம்பிய அன்று பார்த்து பைக் மக்கர் பண்ணியது. வேறு வழியில்லாமல் எழுத்தர் அவள் பெட்டியைச் சுமந்துகொண்டு அந்தப் பாதையில் முதல்முறையாக நடந்தார். பாதி தூரத்திலேயே செருப்பு அறுந்தது, மூச்சு வாங்கியது. "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டபடி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நீ இங்கயே இரு அண்ணே," என்றாள். "நம்ம ஊரு பஸ்ஸு வரும். ஏறி வீட்டுக்குப் போ."